கதவு சாத்தாத சாயங்காலம்

பேராச்சி அத்தை தன் வீட்டுக் கதவைப் பாதி சாத்தியதும் மாரிசெல்வி பதறிக் கத்தினாள்.

"அத்தே, கதவு!"

"தெறந்துதான்ட்டி கெடக்கு. ஃபேன் காத்து பூரா வெளிய போவுது. ஒன் போராட்டத்துக்கு என் கரண்டு பில்ல யாரு கெட்டுவா?"

சந்து முழுக்கச் சிரித்தது. அத்தை கதவை மறுபடி அகலத் திறந்து, அது ஆடாமல் இருக்க ஒரு செருப்பை முட்டுக் கொடுத்தாள்.

விடிந்தால் வார்டு தேர்தல்.

விளக்கு வைத்ததிலிருந்து இந்தச் சந்தில் ஒரு கதவும் சாத்தக் கூடாது. எல்லா வீட்டிலும் லைட் எரிய வேண்டும், வாசலில் ஆள் இருக்க வேண்டும். இது மாரிசெல்வியின் யோசனை. காசு வாங்க மாட்டோம் என்று அவள் யாரிடமும் சத்தியம் கேட்கவில்லை. கவர் கைமாற ஒரு சாத்திய கதவு வேண்டும், அதை மட்டும் இல்லாமல் செய்தால் போதும் என்று கூட்டத்தில் சொன்னாள். சொன்னபோது சரியாகத்தான் இருந்தது. இப்போது, மாலை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்திருக்கையில், சின்னப்பிள்ளை விளையாட்டு போலத் தோன்றியது.

போன தேர்தலில் வீட்டுக்கு வீடு சாத்திக்கொண்டு வாங்கினார்கள். மறுநாள் கேட்டால் ஒருத்தரும் வாங்கவில்லை.

அந்த வருஷ மழையில் கக்கூஸ் தண்ணீர் அடுப்படி வரை வந்தது. எல்லோரும் சேர்ந்து கவுன்சிலர் ஆபீசுக்குப் போனார்கள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே இந்தியில் கேட்டார்.

"பைசா லியா நா? ஃபிர் க்யா பூச்தா ஹை?"

காசு வாங்கியாயிற்று, இனி என்ன கேள்வி. போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார்கள்.

இன்றைக்கும் ஒரே ஒரு கதவு சாத்தினால் போதும். நமக்கு மட்டும் என்ன தலையெழுத்து என்று பக்கத்து வீடு சாத்தும். அப்புறம் எல்லாம் சாத்தும்.

மாரிசெல்வியின் வீடு சந்தின் கடைசி. அதற்கப்பால் சுவர். உள்ளே அம்மா டிரம்மில் தண்ணீர் பிடித்து முடித்துவிட்டு, கேட்கட்டும் என்றே முணுமுணுத்தாள். இந்தக் கூத்தில் அவளுக்குச் சம்மதமே கிடையாது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள்.

"ஊரு வாயில விழுந்துதான் தீருவேன்னு நிக்கா. இங்க சோறு ஆறுது."

சந்து முனையில் அவன் தெரிந்தான், கவர் கொடுக்க வருகிறவன். தோளில் கறுப்புப் பை.

யார் வீட்டிலோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

அந்தப் பையின் ஜிப் புதிது என்று மாரிசெல்விக்குத் தெரியும். போன வாரம் தான் வேலை பார்க்கிற பை பட்டறையில் அவள்தான் அந்த ஜிப்பை மாற்றிப் போட்டாள். எதற்கு என்று கேட்கவில்லை.

முதல் வீட்டின் முன்னால் நின்றான். கை ஜிப்புக்குப் போனது. எதிர்வாசலில் இருந்த இசக்கிராஜ் அண்ணாச்சி கண் கொட்டாமல் பார்த்தார். பக்கத்து வாசலில் பிள்ளைகள் பார்த்தார்கள். கை கீழே வந்தது.

நடந்தான். ஒரு வீட்டில் ஒருவர் மெல்ல எழுந்து உள்ளே போகப் பார்த்தார். அவர் மனைவி அவருடைய லுங்கியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"என்ன மருமவனே, தண்ணி வேணுமா?" என்றாள் பேராச்சி அத்தை. "இங்கனயே நின்னு குடி. உள்ள வராத."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மாரிசெல்விக்குப் பின்னால், வீட்டுக்குள், எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பை கனம் குறையாமல் கவுன்சிலர் ஆபீசுக்குத் திரும்பினால் அவனை நிற்கவைத்துக் கேட்பார்கள். கேட்பது வாயால் மட்டும் இருக்காது. அதுவும் அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் யோசனை சொன்ன அன்றைக்கே தெரியும்.

இன்னும் ஒரு வீடுதான் பாக்கி. சந்து மொத்தமும் இந்தப் பக்கம் தலையைத் திருப்பியது.

அவன் வந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றி, எப்போதும் கழற்றிப் போடுகிற சுவரோரத்தில் போட்டான்.

"பசிக்கி புள்ள," என்றான் அவள் அண்ணன் பேச்சிராஜா. "கதவச் சாத்து. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயிருதேன்."

காலையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனவன்.

வீட்டு ஆள் சாப்பிடக் கதவைச் சாத்தினால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்க மாட்டார்கள். சாத்தியதை மட்டும் மனசில் வைத்துக்கொள்வார்கள்.

மாரிசெல்வி எழுந்து வழிவிட்டாள். அவள் கை அவளைக் கேட்காமலே பின்னால் போய்க் கதவைப் பிடித்து இழுத்தது.

கதவு வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தாள். அசையவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கதவைச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு தண்ணீர் டிரம் நின்றது. விளிம்பு வரை தண்ணீர். தரையெல்லாம் சிந்திக் கிடந்தது. அம்மாவின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

அம்மா மூடியை எடுத்துவிட்டுத் தட்டை நடுவீட்டில் வைத்தாள். வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில்.

"பைய வெளிய வச்சிட்டு வா, ராசா. ரசம் சூடாத்தான் இருக்கு."

பேராச்சி அத்தை வீட்டு ஃபேன் சுற்றும் சத்தம் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.