அடியோடு வந்த இலைகள்

மார்ச் 11, செவ்வாய். செடி வளர்ப்பு மாலை வகுப்பில் இன்று ஒரு சிறு தவறு செய்தேன். சதைப்பற்றுச் செடியின் இலையை அடியோடு கழற்றினால்தான் அந்த முனையில் வேர் விடும். நான் தயங்கித் தயங்கி இழுத்ததில் மூன்று இலைகளும் பாதியில் அறுந்தன. "பாவம் பாத்து இழுக்காதம்மா. ஒரே திருப்பு, வந்துடும்," என்றார் மெர்சி மிஸ்.

ஏழு மணிக்கு வீடு திரும்பியபோது அண்ணன் வாசலிலேயே நின்றான். "செடிக்குத் தண்ணி ஊத்த ஒரு கிளாசாடி? எவன்டி அங்க இருக்கான்?" "மிஸ் மட்டும்தாண்ணே" என்று முடிப்பதற்குள் அறைந்தான். பல்லில் பட்டு உதடு கிழிந்தது. பிறகு மாடிக்கு ஏறி, என் பதினாறு சட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தரையில் அடித்தான். செடிகளின் இலைகளைக் கையால் உருவி எறிந்து மிதித்தான். "அவன்கிட்ட எதுக்கு வாயக் குடுக்கற?" என்று அம்மா என்னைத்தான் திட்டினாள்.

அவன் சாப்பிட உட்கார்ந்ததும் இலைகளைப் பொறுக்கினேன். ஒன்று அவன் செருப்பின் அடியில் ஒட்டியிருந்தது. நசுங்கியவை போக நாற்பத்தொரு இலைகள். எல்லாமே அடியோடு வந்திருந்தன. எனக்குக் கைவராதது அவனுக்கு வந்துவிட்டது. இலையின் காயம் உலரும்வரை தண்ணீர் படக்கூடாது என்பதால் செய்தித்தாளில் பரப்பி வைத்தேன். உதட்டையும் கழுவவில்லை. அது சரிதானா என்று தெரியவில்லை.

நாளை: இலைகளைப் பொதிந்து, என் சான்றிதழ்களோடு பையில் வைக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் பெண்கள் விடுதிக்குப் போய் இடம் கேட்க வேண்டும்.