கோர்ட்டுக் கடுதாசி

துறைமுகத்தில் நாற்பதடி உயரத்திலிருந்து கண்டெய்னரை அலுங்காமல் இறக்குகிற கிரேன் ஓட்டுநர் பர்னபாஸ், சம்பளப் பிரிவு மேசையில் இடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"கோர்ட்டுக் கடுதாசி வந்திருக்காமே சார்?"

"ஆமா. உம்ம வீட்டுக்காரி மெட்டில்டாவுக்கு ஜீவனாம்சம்னு மாசாமாசம் பாதிச் சம்பளம் பிடிக்கோம்லா, அது விசயமாத்தான்" என்றார் கணக்கர் சம்பத்குமார்.

"இந்த மாசமேவா?"

"இந்த மாசமேதான்."

"ஒரு மாசம் தள்ளிப்போட முடியாதா சார்? கால்ல வேணா விழுதேன்."

"கோர்ட்டு உத்தரவுவே. நான் கைவச்சா என் சம்பளத்துல பிடிப்பான்."

பர்னபாஸ் நாற்காலியில் சரிந்தார்.

"ஏன்வே அரண்டுபோறீரு? உம்மகிட்டயே திரும்பி வந்துட்டால்லா. 'இவரு திருந்திட்டாரு, இனிப் பிடிக்க வேண்டாம்'னு அவளே மனுப் போட்டிருக்கா. முழுச் சம்பளமும் இனி உம்ம கையிலதான்."

"நான் எங்க சார் திருந்துனேன்? குடிக்கக் காசு மிஞ்சல, அவ்வளவுதான். துறைமுக கேட்டுலேர்ந்து வீட்டுக்குப் போற வழியில மூணு பிராந்திக் கடை இருக்கு. நானே எழுதித் தாரேன். பழையபடி பிடிச்சு அவ கணக்குக்கே அனுப்பிருங்க."

சம்பத்குமார் பேனாவைத் திறந்தார். "பிடித்தத்துக்குக் காரணம்னு என்ன எழுத?"

"பயம்னு எழுதுங்க சார்."