பாதாள அரசியின் பெயர்

ரோமின் மாட்டுச்சந்தையில் வெட்டிய குழிக்குள் மிர்ரினே கழுத்துவரை மண்ணில் நிற்கிறாள். பக்கத்தில் லைகோன், அவளைப் போலவே கிரேக்க அடிமை. ஊரைப் பிடித்த கேடு நீங்க ஒரு கிரேக்க ஆணையும் பெண்ணையும் உயிரோடு புதைக்கச் சொல்கிறது ரோமின் குறிசொல்லும் ஏடு. அந்த ஏடும் கிரேக்கத்தில்தான் இருக்கிறது. மேலே, கிரேக்க முறைப்படி முக்காடு இல்லாமல் மந்திரம் சொல்கிறான் பூசாரி நூமேரியஸ். ஏழு வயதில் அவளிடம் கிரேக்கம் படித்தவன். ஒரு சொல் பிசகினாலும் சடங்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாதாள அரசியின் பெயர் வரும்போதெல்லாம் அவன் நாக்கு ‘புரோசர்பினா’ என்று ரோமப் பெயருக்கே ஓடிவிடுகிறது. இரண்டு முறை மண்ணைத் தோண்டி எடுத்தாகிவிட்டது. மண்வெட்டி கிழித்த அவள் தோள் மண் பட்டு எரிகிறது. இப்போது அந்தப் பெயருக்கு முன்னால் அவன் நிறுத்துகிறான், சடங்குக்கு ஊதும் குழல்காரனும் நிறுத்துகிறான். நூமேரியஸ் குழியோரம் மண்டியிட்டு, “அம்மா, அத எப்படிச் சொல்லணும்?” என்கிறான். “வாயத் தொறக்காத,” என்று லைகோன் சீறுகிறான். “பொழுது சாஞ்சா நிறுத்திடுவாங்க. இன்னும் ஒரு நாள் இருப்போம்.” நூமேரியஸ் இரக்கத்தோடு சொல்கிறான்: “நாளைக்கும் நீங்கதாம்மா. திரும்பத் தோண்டுனா உங்களுக்குத்தானே வலி?” மிர்ரினே மண்வெட்டியைப் பார்க்கிறாள். “பெர்செபோனே,” என்கிறாள். “கடைசி எழுத்த நீட்டு.” அவன் சொல்கிறான்; நீட்டுகிறான். முதல்முறையாகச் சரியாக வருகிறது. ஏழு வயது முகத்தோடு, மெச்சுவாளா என்று அவளைப் பார்க்கிறான். பழக்கதோஷத்தில் அவள் தலை ஆடுகிறது. ஆடி நிற்பதற்குள் மண்கூடை அவள் தலைமேல் கவிழ்கிறது.