இல்லாத பிரேக்

உலகம் இன்றுவரை கவிழாமல் ஓடுவதற்கு எங்கள் அப்பாவே காரணம். இப்போது அவர் வலது கையில் மாவுக்கட்டு. மலை இறக்கத்தில் முதன்முறையாக அக்கா காரோட்டுகிறாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார். பின்னால் என்னருகே அம்மா கண்ணை மூடி, “ஆண்டவரே, உம்ம கையில ஒப்புக்கொடுக்கிறோம்” என்கிறாள். “ஒப்புக்கொடுத்தது போதும், கண்ணைத் தொறந்து ரோட்டைப் பாரு. நாலு பேரும் பார்த்தாத்தான் வண்டி ஒழுங்காப் போகும்” என்கிறார் அப்பா. கீழ் வளைவிலிருந்து லாரி ஒன்று ஏறி வருகிறது. அதன் கண்ணாடியில் பட்ட மாலை வெயில் எங்கள் முகத்தில் தெறிக்கிறது. “ஹாரன் அடி! ஒடிச்சுத் திருப்பு! ஐயோ, திருப்பாத!” ஸ்டியரிங்கில் அக்காவின் விரல்கள் வெளுத்திருக்கின்றன. “நீங்க கத்தினா எனக்கு எந்தப் பக்கம் திருப்பறதுன்னே தெரியலப்பா.” அப்பா வாயை மூடுகிறார். மிதித்துக்கொண்டிருந்த காலை மெதுவாக இருக்கையோடு இழுத்துக்கொள்கிறார். பிறகு கண்களையும் மூடுகிறார். உதடுகள் மட்டும் அசைகின்றன.