பைக்குள் அடங்கணும்

"எல்லாம் இந்தப் பைக்குள்ள அடங்கணும்ணா" என்று வெண்ணிலா தன் தோள்பையைக் கடை மேசைமேல் வைத்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

வில்லியனூரில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கேம் விளையாட என் சின்ன மகள் புதுசு வாங்குகிறாள். பழசு போன வருஷ வெள்ளத்தோடு போயிற்று. திருபுவனை கம்பெனியில் கால்கடுக்க நின்று அவள் வாங்கிய போனஸ். நான் வாய் திறக்க முடியாது.

கடைக்காரர் புகழ்வேந்தன் தலையைச் சொறிந்தார்.

"இதே காசுக்குப் பெரிய கேபினெட் டப்பாவா எடும்மா. மூணு ஃபேன் வெச்ச கிராபிக்ஸ் கார்டு போட்டுத் தரேன், கேம் சும்மா பறக்கும். சின்னதுல அது நுழையாது. சின்ன மதர்போர்டு விலையும் கூட."

"பரவால்லண்ணா. ரெண்டு ஃபேன் கார்டே போதும்."

"கண்ணாடிக் கதவு? கலர் லைட்டு?"

"கண்ணாடி வேணாம். போற வழியில ஒடஞ்சிடும்."

எங்கே போகிற வழியில்?

"வைஃபை போர்டுலயே இருக்குதா? போற எடத்துல ஒயர் தேடக் கூடாது."

"இருக்கு."

"எல்லாம் சேத்து எவ்ளோ வெயிட்டு வரும்?"

"ஆறு கிலோ வரும்."

பக்கத்தில் கிட்டத்தட்ட அதே கனத்தில் இருந்த யுபிஎஸ் பெட்டியைத் தூக்கிப் பையில் போட்டு, முதுகில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு எட்டு நடந்தாள்.

"ம். மாட்டிக்கினு ஓடலாம்."

ஓடலாமாம்!

ஏழு வருஷத்துக்கு முன்னால் பெரியவள் ரஞ்சனியும் இப்படித்தான் போனாள். ஒரே ஒரு பை. எவனையோ கட்டிக்கொண்டு பாகூரில் இருக்கிறாளாம். பாகூர் என்று பலகை போட்ட பஸ்ஸில் நான் இன்றுவரை ஏறியதில்லை.

"பெரிசாவே எடு" என்றேன். "வூட்ல ஒரே எடத்துல கெடக்கட்டும்."

"உனக்கு இன்னா தெரியும்? சும்மா இருப்பா."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இடுப்புல இன்னா பெரியப்பா?" என்றார் புகழ்வேந்தன்.

"வெள்ளத்துல வழுக்கி வுட்டுச்சு."

அவள் பணம் கட்டப் போன நேரத்தில், மேசைமேல் திரும்ப வைத்திருந்த காலிப் பையை எடுத்து அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினேன். திரும்பி வந்தவள் மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நேராகப் போய்ப் பையை இழுத்தாள்.

"நீதான ஒளிச்ச? இன்னாத்துக்கு?"

"யாரு அவன்? அதச் சொல்லு மொதல்ல!"

"எவன்?"

"உங்க அக்கா மாதிரி பையத் தூக்கினு கெளம்பத்தான இந்தச் சின்ன டப்பா?"

புகழ்வேந்தன் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. வெண்ணிலா சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"நல்லா இருக்குதுப்பா உன் புத்தி. போன வருஷம் ஆத்துத் தண்ணி வூட்டுக்குள்ள ஏறுனப்ப நீ, நான், அம்மா மூணு பேரும் ரோட்டுக்கு வந்துட்டோம். அப்புறம் நீ ஏன் திரும்ப உள்ள போன?"

நான் இடுப்பைத் தடவினேன்.

"என் பெரிய டப்பாவ எடுக்கப் போன. அதத் தலையில வெச்சுனு நெஞ்சளவு தண்ணியில வந்து வுழுந்த. இடுப்பு போனது அதுல. இனிமே தண்ணி வந்தா இது மொதல்லயே என்கூட வந்துடும். போற எடத்துல மாட்டி நான் வெளாடிக்கறேன். நீ உள்ள போவ வேணாம்."

ரஞ்சனிமேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கடையின் மின்விசிறிக் காற்று அப்போதுதான் என்மேல் பட்டது.

அதற்காக உடனே விட்டுக்கொடுக்க முடியுமா?

"ஆறு கிலோதான? கையில தூக்கினா ஆவாதா? முதுகுல மாட்டற பை எதுக்கு?"

அவள் பையைத் தோளில் மாட்டி, வாரை இறுக்கினாள்.

"கை ரெண்டும் உன்னப் புடிச்சு இழுத்துனு போவறதுக்குப்பா."