பிறந்த நேரம் கேட்ட வைத்தியர்

"உங்க அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளு அவெரில். பிறந்த நேரம் சொல்லலேன்னா வைத்தியர் உன் கையைக்கூடத் தொட மாட்டாரு," என்றான் டேரன்.

வைத்தியர் இருப்பது கணினித் திரையில். நானூறு வருஷத்துக்கு முந்தைய லண்டனில், நட்சத்திரம் பார்த்து மருந்து சொல்பவர். பல்வலி என்று வந்தாலும் சனியின் மேல் பழியைப் போட்டு, உள்ளங்காலில் புறாவைக் கட்டச் சொல்வார். இந்த வேடிக்கை வீடியோ கேமை இன்றைய லண்டனின் பெக்கம் பகுதியில் ஒரு மீன் வறுவல் கடை மாடியில் மூன்று பேர் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். டேரன் புரோகிராம் எழுதுவான், டில்லிஸ் படம் வரைவாள், அவெரில் விளையாடிப் பார்த்துப் பிழை சொல்வாள்.

"எங்க அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஊத்தி வச்ச டீயைக் குடிக்க விடாமப் பொறந்தவன்டா நீ'ன்னாங்க. முப்பது வருஷமா அந்த டீயை மறக்கல," என்று டேரன் சிரித்தான்.

அவெரில் சிரிக்கவில்லை. "நான் யாரைக் கேட்கிறது? என்னைப் பெத்தவங்க தத்துக் குடுத்துட்டாங்க. தேடிப் போனப்போ கல்லறைதான் இருந்துச்சு. வளர்த்தவங்களும் இப்போ இல்ல."

டேரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "தெரியாமக் கேட்டுட்டேன்."

"பரவாயில்ல. ரத்த சொந்தம்னு ஒரே ஒரு ஆள் கிடைச்சாப் போதும்னு இருபது வருஷமாத் தேடினேன். மாமா, சித்தின்னு யாருமே இல்ல. போன மாசம்தான் போதும்னு விட்டேன்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையைத் துழாவினாள். "ஆனா பிறந்த நேரம் இருக்கு."

மடித்து மடித்து நைந்துபோன பிறப்புச் சான்றிதழ் அது. பெற்றவளின் பெயரைத் தெரிந்துகொள்ளப் பதினெட்டு வயதில் வாங்கியது.

"காலையில நாலு இருபது. போட்டுக்கோ."

டேரன் எட்டிப் பார்த்தான். "குடுத்து வச்சவ நீ. என்னோடதுல வெறும் தேதிதான். உன் பிறப்பைப் பதிஞ்ச குமாஸ்தாவுக்கு அன்னிக்கு வேற வேலை இல்ல போல."

"எல்லாருக்கும் எழுதுவாங்கன்னுல்ல நினைச்சேன்."

அவன் நேரத்தைத் தட்டினான். வைத்தியர் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, கல்லீரலில் சூடு என்று கண்டுபிடித்து, மூன்று நாளைக்கு முட்டைக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அவெரிலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டில்லிஸ் மட்டும் எழுந்து வந்தாள். கையிலிருந்த சிப்ஸ் எண்ணெயைத் துடைத்துவிட்டு அந்தத் தாளை வாங்கி, இரண்டு முறை படித்தாள்.

"குமாஸ்தா இஷ்டத்துக்கு எழுத மாட்டாரு, டேரன். என் பசங்க பிறப்பைப் பதியப் போனப்போ ஏன் நேரம் எழுதலேன்னு நானே கேட்டேன்," என்றவள், அவெரிலின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கிலாந்துல ரெட்டைப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான் நேரம் எழுதுவாங்க, யாரு மூத்ததுன்னு தெரியறதுக்காக. அன்னிக்கு நீ தனியாப் பிறக்கல, அவெரில்."