ஒவ்வோர் அறைக்கும் பின்வாசல்

பலர் சேர்ந்து ஆடும் கேமுக்கு முதன்முதலாக லெவல் அமைப்பவர்கள், தங்களையும் வீட்டாரையும் போலவே பேசி நடந்துகொள்ளும் கணினிப் பாத்திரங்களான சுபாவ நகல்களை உள்ளே விட்டுச் சோதிப்பது பயிற்சி வகுப்பின் வழக்கம். வீட்டிலிருந்தே பயிலும் வசுமதி, தான் அமைத்த அரண்மனைக்குள் தன் நகலையும் மகள் தேன்மொழியின் நகலையும் எதிரெதிர் அணியில் இறக்கினாள். கணவனைப் பிரிந்து வந்ததிலிருந்து மகள் அவளிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

“அரண்மனை ஜோரா இருக்குக்கா,” என்றாள் வீடியோ அழைப்பில் இருந்த பயிற்சியாளர் ஜெனிட்டா. “ஆனா எல்லா ரூமுக்கும் பின்வாசல் வச்சிருக்கீங்களே! யாரும் யார் கண்ணுலயும் படல. அப்புறம் எங்க சண்ட போடுறது?”

வசுமதிக்குச் சுருக்கென்றது. வீட்டிலும் அவள் மகளின் எதிரில் படாமல்தான் நடமாடிக்கொண்டிருந்தாள். பின்வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்தாள்.

குறுகலான நடையில் இரண்டு நகல்களும் நேருக்கு நேர் வந்து நின்றன. மகளின் கையில் துப்பாக்கி. சுபாவ நகல்களுக்கு நடிக்கத் தெரியாது. வசுமதி திரையை நெருங்கிப் பார்த்தாள்.

“சுடலையா?” என்று கேட்டது அவளுடைய நகல்.

“போம்மா, உன்னச் சுட்டு நான் என்ன பண்ணப் போறேன்? கொஞ்சம் தள்ளி உக்காரு, நானும் உக்காந்துக்கறேன்,” என்று துப்பாக்கியைக் கீழே வைத்தது மகளின் நகல்.

“அக்கா, இது போங்காட்டம்! லெவல் ஃபெயிலு,” என்று சிரித்தாள் ஜெனிட்டா.

வசுமதியின் காதில் அது விழவேயில்லை. எழுந்துபோய் மகளின் அறைக் கதவைத் தட்டினாள்.

“தேனு, பசிக்குதாடி?”